மகளின் வலைப்பூவுக்குச் சுற்றத்தாரை அழைத்த கோடை

மதிப்புக்குரிய ஐயா, அல்லது அம்மணி,

இதனை வாசிக்கப் புகுந்த தங்களுக்கு முதற்கண் என் வணக்கம். தங்களை நான் அறியேன். தாங்களும் என்னை அறியமாட்டீர்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பின்னர் ஊர் வாசிகசாலையில் பத்திரிகைகளின் ஆசிரியத் தலையங்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தும் பார்த்து எழுதியும் உரைநடை பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கத்தைத் துணையாகக் கொண்டே, என் மகளுக்கும் எனக்கும் சுற்றத்தாருக்கும் இடையில் ஓராண்டில் நிகழ்ந்த ஒரு சிறு விடயத்தை இங்கே எழுதி வைக்கிறேன்.

2009ஆம் ஆண்டில் நான் இலண்டனின் தோர்ண்டன் ஹீத்தில், பலசரக்குக் கடையொன்றின் மேல்மாடியில், ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட சிறு வீட்டில் தனியே வசித்து வந்தேன். முன்னர் ஜேர்மனியில் உணவகச் சமையலறைகளில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். மகள் ஆங்கிலத்தில் படிக்கவேண்டும் என்பதற்காக இலண்டனுக்கு இடம்பெயர்ந்து, பெற்றோல் நிலையமொன்றில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டே மனைவி காலமானார். அதன்பின் என் வீட்டில் கேட்ட குரல்கள், கீழே மரக்கறிப் பெட்டி இறக்குவோருடையவையும், தமிழ் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்போருடையவையுமே.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. இலண்டன் பல்கலைக்கழகமொன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். தேவாலய முற்றங்களிலுள்ள பழைய கல்லறைக் கற்களின்மேல் மஞ்சளாகவும் சாம்பல் நிறமாகவும் படர்ந்திருக்கும் கற்பாசிகளை ஆராய்வது அவளது துறை. அக்கற்களில் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பதனால், பாசியின் வயதையும் அது வளர்ந்த காலத்துக் காற்றின் தூய்மையையும் ஓரளவு கணிக்க இயலுமாம். ஸ்ட்ரெதத்தில் வேறு பெண்களுடன் ஒரு வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்தாள். ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆயினும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே என்னிடம் வந்து, உண்டு, சிறிது நேரம் இருந்துவிட்டுப் போவது வழக்கம்.

அவ்வாண்டின் இறுதியில் அவளது ஒப்பந்தம் முடியவிருந்தது. அதற்கு முன், இலையுதிர் காலத்தில், அதே துறையில் நிரந்தரப் பதவியொன்று நிரப்பப்படவிருந்தது. ஒரு ஞாயிறு, சாப்பிட்ட கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே அவள் சொன்னாள்:

"அது கிடைச்சா ரெண்டு அறை வீடாய் எடுக்கலாம் அப்பா. உங்களுக்கு ஒரு அறை."

"பாப்பம்" என்று மட்டும் சொன்னேன். ஆனால் அன்று முதல், இன்னும் வாடகைக்கு எடுக்கப்படாத அந்த வீட்டில் என் கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

அப்பதவி குறித்துத் துறைத் தலைவர் இளம் விரிவுரையாளர்களுக்கு ஓர் அறிவுரை வழங்கியிருந்தார். ஆய்வுக் கட்டுரைகளை மட்டும் எழுதிவிட்டு இருந்தால் இனிப் போதாது; ஒவ்வொருவரும் இணையத்தில் தம்மை அறியச் செய்யவேண்டும்; வலைப்பூ எழுதவேண்டும்; ஓரிரு வரிகளில் செய்தி பகிரும் தளங்களிலும் இருக்கவேண்டும் என்பதே அது. இவையெல்லாம் எதற்கு என்று நான் கேட்டதற்கு மகள் விளக்கினாள்.

"ஆரும் என்ர பேரைப் போட்டுத் தேடினா நான் வரவேணும் அப்பா. இப்ப தேடினா ஒரு பல் டொக்டர்தான் வாறா."

"அவ எங்கட ஆளே?"

"எங்கட ஆள்தான். நல்லாய்ப் பல்லுப் பிடுங்குவாவாம்."

இவ்வாறாகக் கோடையின் தொடக்கத்தில் அவளது வலைப்பூ தொடங்கியது. முகப்பிலிடும் படத்தை என் வீட்டு யன்னல் வெளிச்சத்தில் நானே எடுத்தேன். அதிகம் சிரிக்காதிருக்கும்போது எடுக்கும்படி அவள் சொன்னாள். தனது பழைய மடிக்கணினியை எனக்கு விட்டுவிட்டு, வலைப்பூவைத் திறக்கும் வழியையும் காட்டித் தந்தாள்.

அவள் எழுதியவற்றை ஆங்கில அகராதியின் துணையோடு ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். கற்பாசியைப் பற்றி நான் அறிந்ததைவிட என் மகளைப் பற்றி அங்கே அறிந்தது அதிகம். அவளுக்கு மழை பிடிக்கும் என்பதை அங்கேதான் வாசித்தேன். ஈரக்கல்லில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டதையும் அங்கேதான் வாசித்தேன். அந்த ஞாயிறு அவள் நீண்ட கைச்சட்டை அணிந்து வந்தாள். இடக்கையால் உண்ண இயலாதென்று கரண்டி கேட்டாள். நான் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன், வேறொன்றும் கேட்கவில்லை. முன்பின் அறியாதவர்களுக்குச் சொல்லப்பட்டதை என்னிடம் சொல்லப்பட்டதாக நான் எடுத்துக்கொள்ளலாமா என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு பதிவின் கீழும் பின்னூட்டங்கள் என்ற தலைப்பும், அதனருகே ஒரு பூச்சியமும் இருந்தன. வாரங்கள் கழிந்தும் பூச்சியம் பூச்சியமாகவே இருந்தது.

எங்கள் பகுதியின் முறையைத் தாங்கள் அறிந்திருக்கலாம். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே வருவார்கள். நன்மையான காரியமென்றால் வீட்டுக்காரர் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஒருவரும் வரமாட்டார். வராமை அவர்களுடைய பிழையுமன்று. மகள் பந்தலைப் போட்டுவிட்டு எவருக்கும் சொல்லாமல் இருக்கிறாள் என்றே நான் விளங்கிக்கொண்டேன். இளையவர்களுக்கு முறை தெரியாதவிடத்துப் பெரியவர்கள் சொல்லுவதே வழக்கம். ஆகவே தொலைபேசி அட்டைகளை வாங்கி வந்து, வயது முறைப்படி சுற்றத்தாரை அழைக்கத் தொடங்கினேன்.

எங்கள் ஆட்கள் தொலைபேசி மணியைக் கேட்டதும் எடுக்கத் துணியாத ஆண்டு அது. வைகாசியில் இலங்கையில் போர் முடிந்திருந்தது. ஊரில் எஞ்சியோர் முட்கம்பி முகாம்களுக்குள் இருந்தனர். எவர் இருக்கிறார், எவர் இல்லை என்பது எவருக்கும் தெளிவில்லை. முதலில் ரொறன்ரோவிலிருக்கும் என் தமக்கையை அழைத்தேன். என் குரலைக் கேட்டதும் அவர் கேட்டது ஒரே வார்த்தை.

"ஆரடா தம்பி?"

யார் இறந்தார் என்றே அவர் கேட்டார். அவருடைய கணவரின் தம்பி மகன் சித்திரை மாதத்திலிருந்து தொடர்பில்லாமல் இருந்தான்.

"ஒருத்தரும் இல்லை அக்கா. இது நல்ல விசயம்" என்று விரைந்து சொன்னேன்.  தமக்கை, நல்ல விசயமென்று சொல்லி எவராவது அழைத்து எவ்வளவு காலமாயிற்று என்று சொல்லி மெல்ல அழுதார். மகள் ஒன்று தொடங்கியிருக்கிறாள், நீங்கள் வந்து இரண்டு வரி எழுதித் தலைகாட்டவேண்டும் என்று முறைப்படி கேட்டுக்கொண்டேன்.

அடுத்துப் பாரிஸிலிருக்கும் மச்சானுக்குச் சொன்னேன். அவர் என் மனைவியின் தம்பி. என் தமக்கையின் மகனுடைய திருமணத்துக்குத் தமக்கு நேரில் வந்து சொல்லாமல் தொலைபேசியில் மட்டும் சொன்னார்கள் என்ற மனத்தாங்கலில், அவரும் என் தமக்கையும் பல ஆண்டுகளாகப் பேசுவதில்லை. அவருக்கு நான் சொன்னதும் தொலைபேசியிலேதான் என்பது சொன்ன பிறகே நினைவுக்கு வந்தது. ஆனால் அவர் அதைக் குறையாக எடுக்கவில்லை. பின்னர் குட்மேய்ஸ், பேர்லின், ஒஸ்லோ என்று உறவுமுறையான அனைவருக்கும் சொல்லி முடித்தேன்.

அவர்கள் வந்தார்கள் ஐயா. நான் எதிர்பார்த்ததைவிடத் திரளாகவே வந்தார்கள். பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழும், அங்குமிங்குமாக ஆங்கிலமும் எழுதினார்கள். மூத்தவர்கள் முதலில் ஆசீர்வதித்தார்கள். பிள்ளை படத்தில் மெலிந்துபோய்த் தெரிகிறாள் என்று இருவர் எழுதினர். இந்தப் பாசி நீரிழிவுக்கு நல்லதா, தேங்காய்ப்பூப் போட்டு வறுக்கலாமா என்று ஒருவர் வினவியிருந்தார். மச்சான், பாரிஸில் நல்ல பொறியியலாளர் மாப்பிள்ளை ஒருவர் இருக்கிறார், குறிப்பை அனுப்பிவையுங்கள் என்று எழுதியிருந்தார். இவர்களுக்கிடையில் எவரும் அழைக்காத ஓர் அந்நியரும் வந்திருந்தார். ஸ்கொட்லாந்தின் வடகரையிலுள்ள பல்கலைக்கழகமொன்றின் பேராசிரியர் அவர். சாய்ந்த கற்களில் பாசியின் அகலத்தை எவ்வாறு அளந்தீர்கள் என்று கேட்டிருந்தார். அதன்கீழ் மச்சான், ஆங்கிலத்தில், வந்தமைக்கு நன்றி ஐயா, மருமகள் வேலையாக இருக்கிறா, வந்ததும் பதில் சொல்லுவா என்று வரவேற்றிருந்தார். பேராசிரியரும் காத்திருப்பதில் மகிழ்ச்சி என்று பணிவாக மறுமொழி எழுதியிருந்தார்.

நான் அந்தப் பக்கத்தை மேலும் கீழுமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு இத்தனை பேரை ஒரே இடத்தில் நான் கண்டதில்லை.

மகள் புதன்கிழமை வந்தாள். புதன்கிழமைகளில் அவள் வருவதில்லை. மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்தாள்.

"நீங்களே அப்பா சொன்னனீங்கள்?"

"ஓம்."

"எல்லாருக்குமே?"

"முறையான ஆக்களுக்குத்தான்."

அவள் கையால் கண்களை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளோ என்று ஒரு கணம் எண்ணினேன்.

"அது கலியாணவீடு இல்லையப்பா. இன்ரர்வியூ எடுக்கப்போற ஆக்கள் வந்து பாக்கிற இடம். என்ர ஸ்ருடன்ற்ஸ் பாக்கினம். மாமா என்ர சாதகம் கேட்டு எழுதியிருக்கிறார்."

"ஒருத்தரும் வராமல் கிடந்தது பிள்ளை."

"வராட்டி வராமல் கிடக்கட்டும். வாறவை தாங்களாய் வரவேணும். அதுதான் அதின்ர முறை."

அதற்கும் ஒரு முறை இருக்கிறது என்பதை நான் அப்போதுதான் அறிந்தேன்.

மடிக்கணினியைத் திறந்து, பின்னூட்டங்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள். நீக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் வாசித்தாள். சிலவற்றை எனக்கும் கேட்க வாசித்தாள். தேங்காய்ப்பூ விடயத்துக்கு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் ஓரிடத்தில் அவள் விரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். நான் அண்மையில் திறந்து பாராத, மஞ்சட் பாசியைப் பற்றிய ஒரு பழைய பதிவின் கீழ், இங்கே வருகிறவர்களில் எவருக்காவது தன் கணவரின் தம்பி மகனைப் பற்றித் தெரியுமா என்று என் தமக்கை கேட்டிருந்தார். அடுத்த வரியை மச்சான் எழுதியிருந்தார்.

"அக்கா, பொடியன் இருக்கிறான். என்ர கூட்டாளியின்ர தம்பியோட ஒரே கூடாரம். காலில காயம். கதைக்கிறான்."

அதன்கீழ் தமக்கை ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: தம்பி.

பல ஆண்டுகளின் பின் மச்சானைத் தமக்கை அழைத்த சொல் அது. இவ்விடயம் எனக்குக்கூட அதுவரை தெரியாது. என் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்து எவரும் இதனைச் சொல்லவில்லை. அங்கே எழுதிவிட்டதால் நான் வாசித்திருப்பேன் என்று எண்ணியிருக்கவேண்டும்.

"இதை என்னெண்டு அப்பா அழிக்கிறது?" என்றாள் மகள்.

துறைத் தலைவருக்குத் தமிழ் தெரியாதுதானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். தெரியாதுதான் என்றாள். சிறிது நேரம் அதனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மூன்றையும் பேராசிரியரின் கேள்வியையும் மட்டும் விட்டு, மற்ற அனைத்தையும் நீக்கினாள். பின்னர், இனி எழுதவேண்டாமென்று எல்லோருக்கும் நானே சொல்லிவிடவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். கடுமையாகச் சொல்லவில்லை. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டே போனாள்.

அழைப்பதற்கு எங்களிடம் வார்த்தைகள் உண்டு. வரவேண்டாமென்று சொல்வதற்கு இல்லை. மரணமோ பிறப்போ நிகழ்ந்து, துடக்கு வந்து காரியம் நின்றுபோனால் மாத்திரமே அவ்வாறு சொல்வோம். துடக்கொன்றும் இல்லாமல் அதே வயது முறைப்படி மறுபடியும் ஒவ்வொருவரையும் அழைத்துச் சொன்னேன். சிலர் விளங்கிக்கொண்டனர், சிலர் "சரி, சரி" என்று விரைவில் வைத்துவிட்டனர். மச்சான் மட்டும் தமது வழக்கப்படி சொன்னார்:

"எத்தினையோ வீட்டு அழைப்புப் பாத்திட்டன் அத்தான். பந்தியில இருத்திப்போட்டு எழும்பச் சொன்ன வீடு உங்கட ஒண்டுதான்."

நகைச்சுவையாகவே சொன்னார். இருப்பினும் அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் என்னை அழைக்கவில்லை.

தமக்கை, தாங்கள் ஏதேனும் பிழையாக எழுதிவிட்டோமோ என்று கேட்டார். இல்லையென்றேன்; உங்கள் வரிகளைப் பிள்ளை அழிக்கவில்லை என்றும் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "நான் ஒவ்வொரு நாளும் போய்ப் பாக்கிறனான்."

அந்தக் கோடையின் மிச்சத்தில் என் தொலைபேசி அதிகம் ஒலிக்கவில்லை. முன்பெல்லாம் சும்மா அழைத்தவர்களும், அழைக்கலாமோ கூடாதோ என்று ஐயுற்றிருக்கலாம். நானும் அழைக்கவில்லை. நூலகத்துக்கு நடந்து போவேன். பத்திரிகை வாசித்துவிட்டு நடந்து வருவேன். வலைப்பூவைத் திறந்து பார்ப்பேன். அங்கே இப்போது சிறிது சிறிதாக அந்நியர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். தாமாகவே வந்தார்கள். மகளும் அவர்களுக்கு அழகிய ஆங்கிலத்தில் விடை எழுதினாள். பேராசிரியருக்கும் அவளுக்கும் இடையில் சாய்ந்த கற்களைப் பற்றிய உரையாடல் பதிவுக்குப் பதிவு நீண்டது.

இலையுதிர் காலத்தில் நேர்முகத் தேர்வு நடந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவள் நேரில் வந்து சொன்னாள். நான் கேட்பதற்கு முன்னரே, சுற்றத்தார் எழுதியதற்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, தெரிவானவர் தன்னைவிட அதிகம் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னாள். நான் அதனை ஏற்றுக்கொண்டேன். அன்று சமைத்த கணவாய்க் கறியை இருவரும் உண்டோம். இரண்டு அறை வீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கார்த்திகையில் ஸ்கொட்லாந்திலிருந்து அவளுக்கு வேலை வந்தது. அந்தப் பேராசிரியர், தமது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பதவியொன்று வெற்றிடமானபோது, விண்ணப்பிக்கும்படி அவளைக் கேட்டிருந்தார். அவர் அவளது வலைப்பூவை முதற்பதிவிலிருந்து வாசித்திருந்தாராம். துறைத் தலைவர் சொன்ன வழி தவறன்று என்பதை இங்கே நான் எழுதவேண்டும். அவளை அறியாத ஒருவர் அவளை அறிந்துகொண்டார்; அவளது வேலையை மதித்தார். அதற்காகவே அது எழுதப்பட்டது.

"அங்க வாறீங்களோ அப்பா?" என்று கேட்டாள். தனக்கு அங்கே ஓர் அறைக் குடியிருப்புத்தான் கிடைக்கும் என்று சொன்ன பிறகே கேட்டாள்.

"நீ முதல் போய்ப் பார் பிள்ளை" என்றேன். அவள் மீண்டும் கேட்கவில்லை. தையில் அவளை ரயிலேற்றிவிட்டு, பஸ்ஸில் வீடு திரும்பினேன். அந்த ஞாயிறு பழக்கத்தினால் இருவருக்குச் சோறு போட்டுவிட்டேன். மிஞ்சியதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் உண்டேன்.

வடக்கே போன சில மாதங்களில் அவள் வலைப்பூவை அப்பல்கலைக்கழகத்தின் தளத்துக்கு மாற்றினாள். பதிவுகள் அனைத்தும் போய்ச் சேர்ந்தன. பழைய பின்னூட்டங்கள் சேரவில்லை. தமக்கையும் மச்சானும் எழுதிய அந்த மூன்று வரிகளும் அவற்றோடு போயின. தொலைபேசியில் இதனை நான் அவளிடம் சொன்னேன். மாமியிடம் சொல்லவேண்டாம் என்றாள். நான் சொல்லவில்லை. தமக்கை தாமாகவே கண்டிருப்பார். அவரும் என்னிடம் சொல்லவில்லை.

புதிய தளத்தில் ஒரு நாள், கடற்கரைப் பாறைகளைப் பற்றிய நெடிய பதிவொன்றின் தொடக்கத்தில், ஒரு வாரமாகக் கடுங்காய்ச்சலில் படுத்திருந்ததாகவும், பக்கத்து வீட்டு மூதாட்டி சூப் வைத்துத் தந்ததாகவும், அதனால் இப்பதிவு தாமதமாயிற்று என்றும் அவள் எழுதியிருந்தாள். நான் உடனே தொலைபேசியில் அழைத்தேன்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் வாசிப்பியள் எண்டு தெரியும் அப்பா."

குறையாகச் சொல்லவில்லை. அவ்விதம் எழுதுவது எனக்குச் சொல்வதேயாகும் என்று அவள் உண்மையாகவே எண்ணியிருந்தாள். பின்னர், நீங்களும் அங்கே எழுதலாம் அப்பா, ஒரு வரியாவது எழுதுங்கள், நான் அழிக்கமாட்டேன் என்றாள். நானும் சரியென்றேன்.

அன்று பிற்பகல் பின்னூட்டப் பெட்டியைத் திறந்து அதன் முன் அமர்ந்தேன். எனக்கு மேலே எழுதியிருந்தவர்கள் பாறையின் தன்மை பற்றியும் கடற்காற்றின் உப்பு பற்றியும் எழுதியிருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, காய்ச்சல் முற்றாக விட்டதா, இருமல் இருக்கிறதா, கொத்தமல்லி அவித்துக் குடித்தாயா என்று ஒரு தகப்பன் எவ்வாறு கேட்பது? முறையான வாக்கியமொன்றை அமைத்தேன். அது நீண்டுகொண்டே போயிற்று. பாறையில் தொடங்கி ஞாயிற்றுக்கிழமைகளுக்கும், இரண்டு அறை வீட்டுக்கும், தமக்கையின் தொலைபேசிக்கும் போயிற்று. ஓர் ஆராய்ச்சியாளரின் பக்கத்துக்கு அது உரியதன்று என்று கண்டு, பெட்டியை மூடிவிட்டேன். மகளுக்கு, எழுதுகிறேன் என்று சொன்னது இன்றுவரை நிறைவேறவில்லை. அவளும் கேட்கவில்லை, என் வயதுக்கு அது சிரமம் என்று நினைக்கிறாள் போலும்.

அங்கே எழுத அமர்ந்து எழுதாமல் விட்டதைத்தான் தாளில் எழுதி, முன்பின் அறியாத தங்களிடம் ஒப்படைக்கிறேன். தாங்கள் இதனை எவருக்கும் காட்டவேண்டியதில்லை, பதிலும் எழுதவேண்டியதில்லை. தயவுசெய்து இதனை வைத்திருங்கள்.